ஏலத்துக்கு வந்த ரெண்டு குச்சிப் பெட்டி

ஒரு மெக்கானிக் வாயைத் திறக்கக் கூடாத இடங்கள் இரண்டு. ஒன்று, சாமான் வாங்கப் போகிறவர் முன்னால். இன்னொன்று, ஏலம் நடக்கிற இடத்தில். எண்பதுகளின் தொடக்கத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, கொடைக்கானலில் எங்கள் ஆலய வளாகத்தில், இந்த இரண்டு தப்பையும் ஒரே மூச்சில் செய்தேன். "இந்தப் பெட்டி ஆறு மாசம் தாங்காது" என்றேன். சபை முழுக்கக் கேட்டது. வாங்கப் போகிறவள் என் மனைவிதான் என்று எனக்கு அப்போது தெரியாது.

அன்று அறுப்பின் பண்டிகை. அவரவர் நிலத்தில் விளைந்ததில் முதல் பலனைக் கொண்டுவந்து ஆலயத்துக்குப் படைப்பார்கள். ஆராதனை முடிந்ததும் வெளியே பெஞ்சு போட்டு எல்லாவற்றையும் ஏலம் விடுவார்கள். மன்னவனூர் கேரட், உருளைக்கிழங்கு, பூண்டு, சௌசௌ, தாண்டிக்குடிக்காரர் கொண்டுவரும் காப்பிக்கொட்டை, காலைக் கட்டிய கோழிகள். தின்று தீர்க்க முடியாத பொருளை ஏலத்தில் எடுத்தால், அதை ஒரு வருஷம் வைத்திருந்துவிட்டு அடுத்த பண்டிகைக்குத் திரும்பக் கொண்டுவந்து மறுபடியும் ஏலத்துக்கு வைப்பது எங்கள் சபை வழக்கம். தின்கிற பொருளிலும் ஒன்று அப்படிச் சுற்றியது. ஒரு சேவல். நாலு வருஷம் நாலு வீட்டுக்குப் போய், அறுக்க யாருக்கும் மனசு வராமல், ஒவ்வொரு பண்டிகைக்கும் கொழுத்துத் திரும்பி வந்தது.

அந்த வருஷம் அந்தச் சேவலுக்குப் பக்கத்தில்தான் அந்தப் பெட்டி இருந்தது. ஊருக்குத் திரும்பிப் போகிற ஒரு அமெரிக்க ஆசிரியர் குடும்பம் கொடுத்தது. முகப்பில் மரம் மாதிரி ஒட்டிய கறுப்புப் பெட்டி, இரண்டு பக்கமும் வயரில் தொங்குகிற இரண்டு குச்சிகள், ஒவ்வொரு குச்சியின் அடியிலும் ஒரே ஒரு சிவப்புப் பொத்தான். கூடவே ஒரு அட்டைப்பெட்டி நிறைய, ஆட்டத்துக்கு ஒன்றாக மாற்றிச் சொருகுகிற கார்ட்ரிட்ஜ்கள், கரண்டைக் குறைத்துக் கொடுக்க ஒரு கனத்த டிரான்ஸ்ஃபார்மர். டிவியில் மாட்டி விளையாடுகிற வீடியோ கேம் என்றார்கள். சபைப் போதகரான எங்கள் ஐயர் என்னைத்தான் பார்த்தார். ஊரில் ரேடியோ ரிப்பேர்க் கடை வைத்திருந்தவன் நான் ஒருவன்தான்.

நான் பெட்டியைப் புரட்டிப் பார்த்து, தெரிந்ததையெல்லாம் கொட்டினேன். அது அமெரிக்கக் கரண்டுக்குச் செய்தது. நம் டிவியில் படம் நிற்காது. சத்தம் வரும் அலைவரிசையும் வேறு. இந்த ஊர் மூடுபனிக்கு உள்ளே பூஞ்சை பிடிக்கும். சொன்னதில் பாதிக்கு மேல் சரி. ஆனால் ஒரு பெட்டி நிலைப்பதும் நிலைக்காததும் அந்தப் பாதியில் இல்லை என்று அப்போது எனக்குத் தெரியாது. "ஒரு தரம், ரெண்டு தரம்" என்று குரல் போய்க்கொண்டிருந்தபோது பெண்கள் வரிசையிலிருந்து ஒரு கை உயர்ந்தது. மூன்றாம் தரமும் அந்தக் கைதான்.

வீடு வரும்வரை நான் அவளுக்குப் பத்தடி முன்னாலேயே நடந்தேன். கோபம் எனக்கு மூக்குக்கு மேல் இருக்கும். அதை இறக்கி வைக்க ஒரு மைல் நடக்க வேண்டும். வீட்டுக்கு வந்ததும் அவளே சொன்னாள்.

"அந்த வெள்ளக்கார வீட்டுப் பிள்ளைங்க ரெண்டும் இத வச்சு வெளையாடுறத சன்னல் வழியா பாத்தேங்க. பக்கத்துல பக்கத்துல உக்காந்து ஒரு மணி நேரம். ஒரு வார்த்தை பேசிக்கிடலை."

அதற்கு மேல் சொல்ல வேண்டியிருக்கவில்லை. எங்கள் மகளுக்கு அப்போது ஒன்பது வயது. இரண்டு வயதில் வந்த காய்ச்சல் அவள் காதை வாங்கிக்கொண்டு போயிருந்தது.

தெருப் பிள்ளைகள் கெட்ட பிள்ளைகள் இல்லை. ஆனால் பிள்ளைகளின் விளையாட்டு முழுக்கக் கூப்பிடுவதிலும் கத்துவதிலும்தான் இருக்கிறது. கண்ணாமூச்சியில் ஒருத்தி "வரலாமா" என்று கேட்க வேண்டும், இன்னொருத்தி "வா" என்க வேண்டும். எங்கள் மகள் ஒளிந்த இடத்திலேயே ஒளிந்திருப்பாள். ஆட்டம் முடிந்து எல்லாரும் வீட்டுக்குப் போயிருப்பார்கள். ஒருமுறை பேரிக்காய் மரத்துக்குப் பின்னால் இருந்து அவளை நான் கூட்டி வந்தேன். தான் ஜெயித்துவிட்டதாக நினைத்துச் சிரித்துக்கொண்டே வந்தாள். மனைவி ஏன் கை தூக்கினாள் என்பது அதற்குப் பிறகு புரியாமல் இருக்குமா. அவளுக்கு வேண்டியது கேம் இல்லை. சாயங்காலம் வாசலில் நாலு ஜோடி செருப்பு.

ஆறு மாசம் தாங்காது என்று சபையில் சொன்ன பெட்டியை ஓட வைக்கிற சோலி என் தலையிலேயே விழுந்தது. எங்களிடம் ஒரு கறுப்பு வெள்ளை டிவி இருந்தது. நம் நிலையம் எட்டாத காலம், உயரமான கம்பத்தில் ஆண்டெனா கட்டி இலங்கை ஒளிபரப்பைப் பிடித்துப் பார்ப்போம். பெட்டியை அதில் மாட்டினால் படம் மேலிருந்து கீழே உருண்டுகொண்டே இருந்தது. டிவியின் முதுகில் படத்தை நிறுத்தும் திருகு ஒன்று உண்டு. அதை ஒரு மயிரிழை அளவுக்குத் திருப்பித் திருப்பி, மூன்றாம் நாள் படத்தை நிறுத்தினேன். நிறம் கிடையாது. சத்தம் துளியும் கிடையாது. கட்டை கட்டையாக இரண்டு டாங்கிகள், நடுவில் சுவர்கள், ஒன்றை ஒன்று சுட வேண்டும். அவ்வளவுதான் விளையாட்டு.

முதலில் வந்தது அடுத்த வீட்டுப் பெண். என் மகள் வயசுதான். இலங்கைத் தேயிலைத் தோட்டத்திலிருந்து அனுப்பப்பட்டு இங்கே வந்து குடியேறிய குடும்பம். அவள் அப்பா ஒரு லாட்ஜில் வேலை பார்த்தார். இரண்டு பேரும் பாயில் உட்கார்ந்து குச்சியைப் பிடித்தார்கள். அன்று என் மகள் அவளை எத்தனை முறை சுட்டாள் என்று யாரும் எண்ணவில்லை. மறுநாள் தோற்றவள் துணைக்கு இன்னும் இரண்டு பேரைக் கூட்டி வந்தாள். ஒரு வாரத்தில் வாசலில் செருப்பு வைக்க இடமில்லை. மனைவி ஒவ்வொரு செருப்பிலும் இருந்த சேற்றைத் துடைத்து வரிசையாக வைத்தாள். பள்ளிக்கூடத்தில் அறுபது பிள்ளைகளை அதட்டுகிற டீச்சர் அவள்.

கை இரண்டும் குச்சியில், கண் திரையில். அதனால் பிள்ளைகள் முழங்காலால் பேசக் கற்றுக்கொண்டார்கள். பக்கத்தில் இருப்பவள் முழங்காலில் ஒரு இடி இடித்தால் "பட்டுவிட்டது". இரண்டு இடித்தால் "அடுத்து நான்". என் மகளுக்காக யாரும் யோசித்துச் செய்தது இல்லை அது. அந்தப் பெட்டிக்கு முன்னால் எல்லாருக்குமே காது உதவாது என்பதால் தானாக வந்தது.

ஆறு மாசமும் கழிந்தது. அதற்குள் அந்தப் பெட்டியைப் பற்றி எனக்கு மரியாதை வந்திருந்தது. நாலு திருகாணியைக் கழற்றினால் உள்ளே எல்லாம் கண்ணுக்குத் தெரியும். குச்சிக்குள் தேய்ந்த தகட்டுக்குப் பதில் டார்ச் லைட் தகடு வெட்டி வைத்தேன், ஓடியது. கார்ட்ரிட்ஜ் பல்லை ரப்பரால் தேய்த்தால் போதும். மழைக்காலத்தில் அடுப்படி மேல்தட்டில், பூண்டுக் கொத்துக்குப் பக்கத்தில் துணி சுற்றி வைத்தோம்.

அப்போதுதான் மனைவியின் தம்பி சிங்கப்பூரிலிருந்து வந்தான். கப்பலில் வேலை. அவனும் ஒரு வீடியோ கேம் பெட்டி கொண்டுவந்திருந்தான், இன்னும் புதுசு, இன்னும் விலை கூடியது. குச்சியோடு டெலிபோன் மாதிரி பன்னிரண்டு பொத்தான்கள். கலர் டிவியும் கொண்டுவந்து வத்தலக்குண்டில் தன் வீட்டில் கண்ணாடி அலமாரிக்குள் பூட்டி வைத்தான். எந்தப் பொத்தான் எதற்கு என்று புத்தகம் பார்த்துத்தான் தெரிய வேண்டும், புத்தகம் அவனிடம். பிள்ளைகள் ஒருமுறை ஆடினார்கள், மறுமுறை கேட்டார்கள், மூன்றாம் முறை கேட்கவில்லை. அடுத்த மழைக்கு அந்தப் பொத்தான்களை மூடியிருந்த பிளாஸ்டிக் தோல் ஒட்டிக்கொண்டது. திறந்து பார்க்க என்னிடம் கொண்டுவந்தான். திறக்கவே முடியாதபடி ஒட்டியிருந்தார்கள். நல்ல மூளைக்காரர்கள் செய்த பெட்டிதான். யாரும் தொட்டுக் கெடுக்கக்கூடாது என்று செய்தார்கள், யாரும் தொடாமலே கெட்டுப்போனது.

ஆனால் அது பின்னாடி. அவன் முதலில் வந்தபோது எங்கள் வீட்டுப் பாயில் நாலு பிள்ளைகள் உட்கார்ந்திருந்ததைப் பார்த்துச் சிரித்துவிட்டு, "என்ன மச்சான், ஊமப் பெட்டிய வச்சு ஓட்டுறீக? சத்தம் வர வைக்கத் தெரியலையாக்கும்" என்றான்.

மனைவி அடுப்படிக்குள் போய்விட்டாள். அந்த வார்த்தை அவளுக்கு எங்கே பட்டது என்று எனக்குத் தெரிந்திருக்க வேண்டும். எனக்கோ அதன் பின்பாதி மட்டும்தான் காதில் விழுந்தது. சத்தம் வர வைக்கத் தெரியலையா. எனக்கா?

இரண்டு நாள் கடையைத் திறக்கவில்லை. வீட்டில் பழைய வால்வு ரேடியோ ஒன்று இருந்தது, மரக்கூடு போட்டது. அந்தக் காலத்து ரேடியோவின் முதுகில் கிராமபோன் மாட்ட ஒரு துளை இருக்கும். கேம் பெட்டிக்குள் சத்தம் பிறக்கிற இடத்தைத் தேடிக் கண்டுபிடித்து, அங்கிருந்து ஒரு வயர் இழுத்து அந்தத் துளையில் சொருகினேன். ரேடியோவைப் போட்டு, வால்வு சூடேறும்வரை வழக்கம்போல் மரக்கூட்டின் மேல் உள்ளங்கையை வைத்துக் காத்திருந்தேன். ரேடியோ உயிரோடு இருக்கிறதா என்று நான் காதால் பார்ப்பதைவிடக் கையால் பார்ப்பதே அதிகம். சூடேறியது. டாங்கி உறுமியது. குண்டு வெடித்தது. தெருவே ஓடி வந்தது. மைத்துனனைப் பார்த்து நான் மீசையைத் தடவிக்கொண்டேன் என்று மனைவி பிற்பாடு சொன்னாள். தடவியிருப்பேன்.

கார்ட்ரிட்ஜ்களில் ஒன்று, வானத்திலிருந்து பூச்சிப்படை இறங்கி வருகிற ஆட்டம். தும், தும், தும் என்று அது அடியெடுத்து வைக்கிற சத்தம் கேட்கும். படை நெருங்க நெருங்க அந்தத் தும் வேகமாகும். பிள்ளைகள் இரண்டே நாளில் அதைப் பிடித்துக்கொண்டார்கள். திரையின் ஒரு மூலையைப் பார்த்துக்கொண்டே இன்னொரு மூலையில் நடப்பதைக் காதால் அறிந்தார்கள். முழங்கால் பாஷை நின்றது, கத்தினால் போதுமே. என் மகள் ஏன் எல்லாரும் தனக்கு ஒரு நொடி முன்னால் திரும்புகிறார்கள் என்று புரியாமல் ஒவ்வொரு முகமாகப் பார்த்தாள். தோற்றாள். மறுபடியும் தோற்றாள். நாலாவது நாள் குச்சியை அடுத்தவளிடம் கொடுத்துவிட்டு அடுப்படிக்குப் போய் அம்மாவோடு பட்டாணி உரித்தாள்.

மனைவி என்னைத் திட்டவில்லை. பட்டாணித் தோலை அள்ளிக்கொண்டு என்னைத் தாண்டிப் போகும்போது மட்டும் ஒரு வார்த்தை சொன்னாள்.

"நல்லா ரிப்பேர் பாத்தீங்க."

மறுநாள் வெள்ளனே எழுந்து, அந்த வயரின் நடுவில் ரேடியோவுக்குப் பின்னால் ஒரு சின்ன சுவிட்ச் வைத்து அணைத்தேன். சாயங்காலம் பிள்ளைகள் வந்து கேட்டபோது, உள்ளே காயில் என்கிற கம்பிச்சுருள் எரிந்துவிட்டது, அது மதுரையிலும் கிடைக்காது, இனி சத்தம் வராது என்றேன். இரண்டு நாள் முணுமுணுத்தார்கள். மூன்றாம் நாள் முழங்கால்கள் இடித்துக்கொண்டன. என் மகள் பாயின் நடுவில் தன் இடத்துக்கு வந்து உட்கார்ந்தாள்.

அதற்குப் பிறகு நான் பட்ட பாடு தனி. சத்தத்தை வரவழைத்துவிட்டு நாலே நாளில் எரித்துவிட்ட மெக்கானிக் என்று ஊர் முழுக்கப் பேச்சு. ஒரு லாட்ஜ்காரர் தன் ரேடியோவை என்னைத் தாண்டி வத்தலக்குண்டுக்குக் கொண்டுபோனார். ஐயர்கூட ஆலய மைக் கரகரத்தபோது, "இவருகிட்ட குடுத்தா இந்தச் சத்தமும் போயிரும்" என்று சிரித்தார். நானும் சிரித்தேன். தொழிலில் நான் ரோஷக்காரன், உள்ளே எரிந்தது. உண்மை தெரிந்தவள் மனைவி ஒருத்திதான். அந்த மாதங்களில் எனக்குக் காப்பியில் சர்க்கரை ஒரு கரண்டி கூடவே விழுந்தது.

வருஷம் திரும்பியது. பண்டிகைக்கு முந்தின நாள், பெட்டியை ஏலத்துக்குக் கட்ட வேண்டும். மனைவிக்குக் கொடுக்க மனசே இல்லை. கெட்டுப்போச்சு என்று சொல்லிவிடலாமா என்று என்னிடம் கேட்டாள்; ஒரு பொய்க்கு இன்னொரு பொய் துணைதானே என்று நானும் யோசித்தேன். பெட்டி போனால் செருப்புகளும் போகும் என்கிற பயம் இரண்டு பேருக்கும்.

மகள்தான் சாக்கு எடுத்து வந்தாள். பெட்டி, குச்சிகள், கார்ட்ரிட்ஜ் எல்லாவற்றையும் அடுக்கினாள். பிறகு ரேடியோவைக் காட்டினாள். இதுவும் போக வேண்டும் என்று ஜாடை. இது எதற்கு என்று நான் கையை விரித்தேன். அவள் சாக்கைப் பிரித்தாள். பெட்டியை மறுபடி மாட்டினாள். ரேடியோவைப் போட்டு, மரக்கூட்டின் மேல் உள்ளங்கையை வைத்து, நான் காத்திருப்பது போலவே சூடேறக் காத்திருந்தாள். பின்னால் கைவிட்டு அந்தச் சின்ன சுவிட்சைத் தட்டினாள். என் கையைப் பிடித்து மரத்தின் மேல் வைத்தாள். தும், தும், தும்.

எப்போதிலிருந்து தெரியும் என்று கேட்டேன். மழைக்கு முன்னால், தூசி தட்டும்போது என்று காட்டினாள். ஏன் சொல்லவில்லை? அவள் என்னைத் தொட்டு, கையை முதுகுக்குப் பின்னால் மறைத்துக் காட்டினாள். பிறகு தன்னைத் தொட்டு, அதே மாதிரி மறைத்துக் காட்டினாள். நீ ஒளித்தாய், நானும் ஒளித்தேன். எனக்கு அங்கேயே உட்கார்ந்து அழ வேண்டும் போலிருந்தது, அழுதேன். அவளுக்கு நான் அழுவது வேடிக்கையாக இருந்தது.

பெட்டியை அடுத்த வீட்டுக்காரர்கள் ஏலத்தில் எடுத்தார்கள். மகளின் சிநேகிதி வீடு. இலங்கை ஒளிபரப்பில் விட்டு வந்த ஊரைப் பார்ப்பதற்காகவே அவர்கள் டிவி வாங்கியிருந்தார்கள். ரேடியோவும் சுவிட்சும் கூடவே போனதால் என் குட்டு வெளிப்பட்டது. காயில் கிடைத்துவிட்டதாக்கும் என்று எல்லாரும் கேலியாகக் கேட்டார்கள். ஆமாம் என்றேன். பெட்டி போனதுகூட இப்போது பெரிசாகத் தெரியவில்லை. சத்தம் உள்ள பெட்டிக்கு முன்னால், அடுத்தவர் வீட்டில், எங்கள் பிள்ளை என்ன செய்யும் என்பதுதான் எங்களுக்குத் தாங்கவில்லை. மற்ற பிள்ளைகளுக்காக அவள் விட்டுக்கொடுத்துவிட்டாள் என்று மனைவி இரண்டு நாள் சாப்பாட்டைப் பிசைந்துகொண்டே இருந்தாள். மகள் தினமும் சாயங்காலம் அங்கே போனாள். எட்டிப் பார்க்க எங்கள் இருவருக்கும் தைரியம் இல்லை.

மூன்றாம் வாரம் குச்சி உடைந்துவிட்டது என்று அந்த வீட்டிலிருந்து ஆள் வந்தது. ஸ்க்ரூடிரைவரை எடுத்துக்கொண்டு போனேன். இன்னொரு குச்சியில் ஆட்டம் நடந்துகொண்டிருந்தது. ரேடியோவைத் தரையில் இறக்கி வைத்திருந்தார்கள். அதன் மரக்கூட்டில் முதுகைச் சாய்த்து, காலை நீட்டி, என் மகள் உட்கார்ந்திருந்தாள். குச்சி அவள் கையில்.

"பிள்ளைக்கு அந்த ரேடியோ இல்லாட்டி வெளையாட்டு ஓடாதுங்க" என்றார் சிநேகிதியின் அம்மா. "மொத நாளே அதுதான் எறக்கி வைக்கச் சொல்லிச்சு. நாங்க குச்சிய மாத்தி மாத்திக் குடுப்போம், அந்த எடத்த மட்டும் அது குடுக்காது."

படை இறங்கியது. தும் வேகமானது. மற்ற பிள்ளைகள் "அந்தப் பக்கம்" என்று கத்துவதற்குள் அவள் குச்சி திரும்பியிருந்தது. சுட்டாள். பக்கத்தில் இருந்தவள் அவள் முழங்காலில் ஒரு இடி இடித்தாள். சத்தம் வந்த பிறகும் அந்தப் பாஷையை அவர்கள் விடவில்லை. அத்தனை வருஷமாக உள்ளங்கையால் ரேடியோ பார்த்தவன் நான். சத்தத்தைத் தொட முடியும் என்று ஒரு தடவைகூட எனக்குத் தோன்றியதில்லை.

அந்தப் பெட்டி அதற்குப் பிறகும் வீடு வீடாகச் சுற்றியது. ஏலத்தில் எடுப்பவர்கள் ரேடியோவையும் சேர்த்தே கேட்டார்கள், அது பெட்டியின் ஒரு பாகம் என்றே நினைத்தார்கள். எது நிலைக்கும், எது நிலைக்காது என்று யாராவது என்னைக் கேட்டால் இப்போது வாயைத் திறப்பதில்லை.

அன்று குச்சியைச் சரிசெய்துவிட்டு வீட்டுக்கு வந்து, பார்த்ததை மனைவியிடம் சொன்னேன். அவள் அடுப்பை விட்டு எழுந்து வந்து இரண்டு தடவை சொல்லச் சொல்லிக் கேட்டாள். அந்தப் பட்டாணித் தோல் நாள் எனக்கு இன்னும் உறுத்திக்கொண்டிருந்தது. அதனால், "பாத்தியா, நான் ரிப்பேர் பாத்தது சரியாத்தான் இருந்திருக்கு" என்றேன்.

"நீங்க எங்க பாத்தீங்க" என்றாள், கண்ணைத் துடைத்துக்கொண்டே. "அவதானே பாத்தா."